குளவி என்றாலே பயப்படும் மலையில் ஐந்து நாள்

முதல் நாள்: வவுனியாவிலிருந்து தலவாக்கலை

இந்தப் பயணத்துக்குக் காரணம் ஒரு பயற்றங்கொடி. மூன்று வருஷத்துக்கு முன் வீட்டு வளவில் பயற்றங்காய் நட்டிருந்தேன். பூங்காம்பின் நுனியில், பூ உதிர்ந்த இடத்தில், எறும்புகளும் மெலிந்த கறுப்புப் பூச்சிகள் சிலவும் ஓயாமல் மொய்த்தன. கொடியின் சாற்றைத்தான் உறிஞ்சுகின்றன என்று நானே முடிவு கட்டி மருந்தடித்தேன். அடுத்த மாதம் காய்துளைக்கும் புழு வந்தது. பறித்த காயில் பாதிக்கு மேல் குப்பைக்குப் போனது.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். பயற்றங்கொடி பூவுக்குள் மட்டுமல்ல, பூங்காம்பிலும் தேன் சுரக்கும். நான் கண்ட மெலிந்த கறுப்புப் பூச்சிகள் அந்தத் தேனுக்கு வந்த ஒட்டுண்ணிக் குளவிகள். புழுவின் உடம்புக்குள் முட்டையிட்டு அதை அழிக்கிறவை. புழுவைத் தேடி வந்தவற்றை என் கையாலேயே கொன்றிருக்கிறேன். அன்றிலிருந்து இந்தக் குளவிகளை விட்டு என் மனம் நகரவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவள். விவசாயம் படித்தவள் இல்லை. ஒரு கைலென்ஸும் கொப்பியும்தான் என் ஆயுதங்கள்.

ஆசிரியர் கலாசாலையில் என்னோடு படித்த சிநேகிதி தலவாக்கலைக்காரி. "தேயிலையில இல்லாத புழுவா? வந்து பாரு" என்று பல நாளாய்க் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பெப்ரவரி வெயில் காலம், மலையில் மழை குறைவு. கிளம்பிவிட்டேன்.

கண்டியில் ஹட்டன் பஸ் பிடித்து, நாவலப்பிட்டியில் சோறு சாப்பிட இறங்கினேன். கடைக்குப் பின்னால் ஒரு வீட்டு வேலியோரம் வரிசையாக டர்னெரா செடி. வெளிர்மஞ்சள் இதழும் நடுவில் கருநிறப் பொட்டுமாகப் பூக்கும், பலர் அழகுக்கு வைக்கிற செடி. காலையில் விரிந்து மதியத்தோடு மூடிக்கொள்ளும் பூ அது. நான் போனபோது மணி ஒன்று, எல்லாம் மூடியிருந்தன. ஆனால் இலைக்காம்பு இலையோடு சேரும் இடத்தில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சின்னக் குமிழ்கள் இருந்தன. லென்ஸை வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் ஒரு துளி மினுங்குகிறது. அதில் எறும்புகள், ஒரு சின்ன ஈ, அப்புறம் இடுப்பு நூலாய் ஒடுங்கிய ஒரு குளவி. பூ மூடினாலும் பந்தி முடியவில்லை.

இதே செடியை மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் பாம் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களின் பாதையோரம் வேண்டுமென்றே நடுகிறார்கள். செம்பனை ஓலையைத் தின்னும் பைப்புழு அங்கே பெரிய தொல்லை. ஓலைத் துணுக்குகளால் பை கட்டி, அதற்குள் தொங்கிக்கொண்டே தின்னும் புழு அது. மருந்து படுவது கடினம். அதற்குள் முட்டையிடத் தெரிந்த ஒட்டுண்ணிக் குளவிகள் உண்டு. அவற்றைத் தோட்டத்திலேயே தங்கவைக்கத்தான் டர்னெராவும், இளஞ்சிவப்புப் பூங்கொத்தோடு வேலியில் படரும் அன்டிகோனன் கொடியும், மஞ்சள் பூக்கும் ஒருவகை ஆவாரை இனமும் நடப்படுகின்றன. இலங்கையில் 2021-இல் செம்பனை பயிரிடத் தடை வந்துவிட்டதால் அந்தத் தோட்டங்களின் கதை இங்கே அப்படியே பொருந்தாது. ஆனால் கேள்வி ஒன்றுதான்: ஒரே பயிரை மலை மலையாக நட்டுவிட்டு, அதைக் காக்கிற பூச்சிக்கு என்ன சாப்பாடு வைத்திருக்கிறோம்?

இருட்டும் நேரத்தில் தலவாக்கலை வந்து சேர்ந்தேன். நீர்த்தேக்கத்தின் மேல் பனி இறங்கிக்கொண்டிருந்தது. சிநேகிதியின் அம்மா நாற்பது வருஷம் கொழுந்து பறித்தவர். சுடச்சுட ரொட்டியும் கட்டச்சம்பலும் வைத்துக்கொண்டே, "எதுக்கு டீச்சர் இவ்வளவு தூரம்?" என்று கேட்டார்.

"குளவி பார்க்க வந்தேன் அம்மா."

அவர் கை நின்றுவிட்டது. "குளவியா?" என்று கேட்டுவிட்டு என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் தன் தங்கை குளவி கொட்டி ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்த கதையைச் சொன்னார். இந்த மலைகளில் அந்தச் சொல்லுக்கு என்ன கனம் என்று யோசிக்காமல் வாயைத் திறந்துவிட்டேன். இங்கே கொழுந்து மலையில் குளவி கொட்டி ஆட்கள் செத்திருக்கிறார்கள். பயந்து ஓடும்போது வடிகால் கானில் விழுந்து காலை உடைத்துக்கொண்டவர்களும் உண்டு. குளவி என்று மக்கள் சொல்வது பல நேரம் பெரிய மரத்திலும் பாறையிலும் கூடு கட்டும் மலைத்தேனீதான். கொட்டு வாங்கியவருக்கு அந்த வித்தியாசம் எதற்கு?

நான் தேடி வந்தது கூடு கட்டாத, கூட்டமாய் வராத, மனிதரைத் துரத்தாத பூச்சி என்று சொல்லிப் பார்த்தேன். அம்மா தலையாட்டினார். நம்பியதாகத் தெரியவில்லை.

இரண்டாம் நாள்: கொழுந்து மலை

சிநேகிதியின் மாமா பக்கத்துத் தோட்டத்தில் கங்காணி. அனுமதி வாங்கி, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டு முடிந்ததும் எங்களை மலைக்குக் கூட்டிப்போனார். கவ்வாத்து வெட்டி, அதாவது கிளையைக் கழித்து, இரண்டு வருஷமான தேயிலை. மட்டக்கம்பு வைத்துப் பறித்த மேசை போல் சமமாக, கண்ணுக்கு எட்டிய வரை ஒரே பச்சை.

அந்தப் பச்சையில் ஒரு மணி நேரம் நடந்தும் ஒரு பூகூடக் கண்ணில் படவில்லை. தேயிலை பூக்காத செடி அல்ல. வெள்ளை இதழும் நடுவே மஞ்சள் மகரந்தக் கொத்துமாக அழகாகப் பூக்கும். கைவிடப்பட்ட மலைகளில் மரமாய் வளர்ந்த தேயிலையில் நிறையப் பார்க்கலாம். ஆனால் வாரம் தவறாமல் கொழுந்து கிள்ளப்படும் செடி பூக்கிற நிலைக்கு வருவது அரிது. தேனை நம்பி வாழும் பூச்சிக்கு இந்த அழகான மலை பட்டினிக் காடு.

மாமா ஒரு தூரின் ஓரத்தில் நின்று, நூலால் ஒட்டிய இரண்டு இலைகளைப் பிரித்துக் காட்டினார். உள்ளே பச்சைப் புழு ஒன்று துள்ளியது. "இலை சுருட்டுற புழு. வெயில் காலத்துல கொஞ்சம் வரும், போகும்" என்றார்.

இந்தப் புழுவுக்குப் பின்னால் இருக்கும் வரலாறு, கேள்விப்பட்ட நாளிலிருந்து என்னை வியக்கவைப்பது. ஹோமோனா காஃபியாரியா என்ற அந்துப்பூச்சியின் புழு இது. ஒரு காலத்தில் இலங்கைத் தேயிலையைக் கலங்கடித்தது. 1935, 36-இல் ஜாவாவிலிருந்து மாக்ரோசென்ட்ரஸ் ஹோமோனே என்ற ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து மலைகளில் விட்டார்கள். அது ஊன்றிப் பரவியது, புழு அடங்கியது. உலகில் உயிரியல் முறையில் பூச்சி கட்டுப்படுத்திய வெற்றிக் கதைகளில் இதையும் சேர்த்துச் சொல்வார்கள். அந்த ஆராய்ச்சிக்குப் பேர்போன தேயிலை ஆராய்ச்சி நிலையம் இதே தலவாக்கலையில், சென் கூம்ஸ் தோட்டத்தில்தான் இருக்கிறது. பஸ்ஸில் வரும்போது அந்தப் பெயர்ப்பலகையைக் கண்டதும் எழுந்து நின்று பார்த்தேன்.

கதை அதோடு முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். அப்புறம் தேயிலைத் தண்டைத் துளைக்கும் ஒரு சின்ன வண்டை ஒழிக்க டீல்ட்ரின் என்ற கடுமையான மருந்தை மலைகளில் அடித்தார்கள். வண்டுக்கு அடித்த மருந்தில் குளவி செத்தது. அடங்கிக் கிடந்த இலை சுருட்டும் புழு மறுபடி கிளம்பியது. ஜாவாவிலிருந்து கடல் கடந்து வந்து வேலை செய்த ஒரு சின்ன உயிரின் உழைப்பு அப்படிக் கெட்டது. என் பயற்றங்கொடியில் நடந்ததும் இதுதான், அளவுதான் வேறு. இதை மாமாவிடம் சொன்னபோது அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எங்க அப்பா மருந்து டாங்கி தூக்கினவரு" என்று மட்டும் சொன்னார்.

பிரித்துப் பார்த்த இலைக்கூடுகள் மொத்தம் முப்பத்தொன்று. ஐந்தில் புழு இல்லை. அதன் இடத்தில் மெல்லிய பழுப்புக் கூட்டுப்புழுவுறைகள் இருந்தன. எந்தக் குளவி என்று அடித்துச் சொல்ல எனக்கு அறிவு போதாது. ஆனால் யாரோ இங்கே இன்னும் வேலை செய்கிறார்கள்.

வேலை செய்கிறவர்கள் எங்கே சாப்பிடுகிறார்கள்? மதியம் முழுக்க இதைத்தான் தேடினேன். ஒவ்வொரு செடியின் முன்னாலும் கால் மணி நேரம் உட்கார்ந்து, வந்து போகிறவற்றை எண்ணினேன். கான் கரையில் வெள்ளைப் பூக்கொத்தோடு அடர்ந்து நிற்கும் ஈரச்செடியில் ஈக்களும் சின்னத் தேனீக்களும் வந்தன. ரோட்டோரக் காட்டுச் சூரியகாந்தியில் தேனீயும் வண்ணத்துப்பூச்சியும். குளவி என்று சொல்ல எதுவும் இல்லை. காரணம் வாய். தேனீக்கு நீண்ட நாக்கு உண்டு, குழல் போன்ற பூவின் அடியில் கிடக்கும் தேனையும் உறிஞ்சும். ஒட்டுண்ணிக் குளவிகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்த வசதி இல்லை. திறந்த தட்டில் வைத்தால்தான் சாப்பிட முடியும்.

அந்தத் தட்டு நான் எதிர்பார்க்காத இடத்தில் இருந்தது. நிழலுக்கு நட்டுக் கிளை வெட்டி விட்டிருந்த முள்முருக்கில். பூ ஒன்றும் இல்லை, புதுத்துளிர் மட்டும். மூவிலை பிரியும் காம்பில், ஒவ்வொரு சிற்றிலையின் அடியிலும் குண்டூசித் தலையளவு சுரப்பிகள் இருக்கின்றன. அதில் நான்கு குளவிகள். ஒன்று எறும்பு வருவதைக் கண்டு விலகி, எறும்பு போனதும் திரும்பி வந்து குடித்தது. பிள்ளை பெற்ற வீட்டில் பலகாரம் சாப்பிடுவது போல அவ்வளவு நிதானம். கழுத்து வலிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

முள்முருக்கை மண்ணுக்கும் நிழலுக்கும் உரத்துக்கும் நட்டார்கள். அது பூக்காத மாதத்திலும் இப்படி ஒரு தண்ணீர்ப்பந்தல் நடத்துகிறது. இதை வெட்டி ஒழித்த மலைகளையும் வழியில் பார்த்தேன். மனசு கேட்கவில்லை.

தேன் கிடைக்காத குளவிக்கு என்ன ஆகும் என்பதையும் எழுதிவிடுகிறேன். பல இனங்களில் பட்டினிக் குளவி இரண்டு மூன்று நாளில் செத்துவிடும். இனிப்புக் கிடைத்தால் வாரக்கணக்கில் வாழும். புழு எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடிப் பறக்கவே தெம்பு வேண்டும். ஒரு நாள் கூடுதலாக வாழ்ந்தால் இன்னும் எத்தனையோ புழுவில் முட்டையிடும். ஆகவே பூ என்பது இங்கே சோடனை இல்லை, கூலி.

மூன்றாம் நாள்: மூடுபனி

ஒன்றும் நடக்கவில்லை. விடிந்ததிலிருந்து மூடுபனி, மெல்லிய தூறல். குளிரிலும் ஈரத்திலும் சின்னக் குளவிகள் பறப்பதில்லை. லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டின் தாவாரத்தில் உட்கார்ந்து சாயத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். அட்டைக் கடிக்கு மூன்று இடத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தார்கள்.

பக்கத்து வீட்டு அக்காமார் நான்கு பேர் வந்து சேர்ந்தார்கள். "மலையில பூச்செடி வைக்கச் சொல்றீங்களாமே" என்று ஒருவர் ஆரம்பித்தார். "பூ இருந்தா குளவி வரும். குளவி வந்தா நாங்க எங்க ஓடுறது? கூடையோட இறங்கி ஓடிப் பாருங்க, அப்பத் தெரியும்."

இது அறியாமையில் வந்த பேச்சு இல்லை. முதல் நாள் இரவிலிருந்து நானும் இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். மலைத்தேனீ தேனுக்குத்தான் வரும். பெரிய பூக்கள் நிறைந்த மரத்தை அது விடாது. கண்ணை மூடிக்கொண்டு "பூச்செடி நடுங்கள்" என்று யாராவது அறிக்கை விட்டால், அதன் விலையைக் கொடுக்கப்போவது கொழுந்து பறிக்கும் பெண்கள்தான். அதை நான் ஒப்புக்கொண்டேன்.

அதனால்தான் எந்தப் பூ, எங்கே என்பது பெரிய கேள்வி. மலைத்தேனீக்குப் பெரிய விளைச்சல் வேண்டும், காடு காடாகப் பூக்கும் மரம் வேண்டும். இலைக்காம்பில் ஊறும் ஒரு துளி, குடை போல விரியும் கொத்தில் ஊசி முனையளவு பூவின் ஒரு துளி, இவை சின்னக் குளவிக்குப் போதும். பறிக்கிறவர்கள் நிற்கும் வரிசைக்குள்ளே எதுவும் வேண்டாம். யாரும் அடிக்கடி மிதிக்காத கான் கரையும் பாதை வளைவும் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரைப் பக்கமும் போதும். இப்படிச் சொன்னதும் ஒருவர் மட்டும், "ஆமணக்கு அந்தக் கரையில தானா முளைக்குது, அதை ஒவ்வொரு தடவையும் வெட்டச் சொல்றாங்க" என்றார். ஆமணக்கின் இலைக்காம்பிலும் அதே சுரப்பிகள் உண்டு. அவருக்குத் தெரியாமலேயே ஒரு விடையைக் கையில் வைத்திருந்தார்.

புல் வெட்டுவதைப் பற்றியும் பேச்சு வந்தது. களைக்கொல்லி கிளைபோசேட்டை 2015-இல் நாடு முழுக்கத் தடை செய்தார்கள், 2018-இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மறுபடி விட்டார்கள். 2021-இல் இரசாயன உரத்துக்கும் மருந்துக்கும் ஒரேயடியாகத் தடை வந்து, அதே வருஷக் கடைசியில் நீங்கியது. அந்தத் தடைக் காலங்களில் களை இடுப்பளவு வளர்ந்து, அட்டையும் பாம்பும் பெருகி, பறிக்கப் போக முடியவில்லை என்று அக்காமார் சொன்னார்கள். களை முழுக்க நிற்கட்டும் என்று நான் சொல்லவில்லை. தேயிலைக்குள்ளே சுத்தமாக இருக்கட்டும். கரையில் நிற்பதையும் மொட்டையடிப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

பேச்சு முடியும்போது அம்மா சொன்னார்: "டீச்சர், அந்தப் பூச்சிக்குக் குளவின்னு பேர் சொல்லாதீங்க. வேற பேர் வைங்க." லென்ஸில் எடுத்திருந்த படத்தை அவரிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "றெக்கை முளைச்ச கட்டெறும்பு மாதிரில்ல இருக்கு" என்றார்.

நான்காம் நாள்: நுவரெலியா, கந்தப்பளை

வெயில்! சிநேகிதியும் நானும் முதல் பஸ்ஸிலேயே ஏறிவிட்டோம். நுவரெலியாவில் குளிர் எலும்பைத் தொட்டது. நகரம் கிட்டத்தட்ட 1,870 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கந்தப்பளை. சிநேகிதியின் பெரியப்பா மகன் அங்கே குத்தகை நிலத்தில் கோவாவும் (முட்டைக்கோஸ்) கரட்டும் லீக்ஸும் போடுகிறார். இனி அண்ணன் என்றே எழுதுகிறேன்.

தேயிலை மலையைவிட இங்கே மருந்து நெடி அதிகம். படிக்கட்டு மாதிரி வெட்டிய பாத்திகள், ஒன்றை ஒட்டி ஒன்று, இடைவெளியே இல்லை. கோவா இலையைத் திருப்பினால் சல்லடை. புழுவைத் தொட்டதும் பின்னால் துடித்து, நூல் விட்டுக் கீழே தொங்கியது. முதுகில் வைர வடிவம் தெரியும் அந்துப்பூச்சியின் புழு, உலகம் முழுக்கக் கோவாவுக்கு முதல் எதிரி. எத்தனையோ மருந்துக்கு அது அசையாமல் பழகிவிட்டது.

"வாரத்துக்கு ரெண்டு தடவை அடிக்கிறேன், மாத்தி மாத்தி அடிக்கிறேன், ஒண்ணும் கேக்க மாட்டேங்குது" என்றார் அண்ணன். சலிப்பு மட்டுமல்ல, கடன்காரனின் பதற்றமும் அந்தக் குரலில் இருந்தது. பேசிக்கொண்டே இலை அடியில் ஒட்டியிருந்த வெள்ளைப் பொருள் ஒன்றை நகத்தால் நசுக்கினார். "இதோ பாருங்க, முட்டை. கண்ட இடத்துல எல்லாம் நசுக்கிருவேன்."

அரிசி மணியைவிடச் சிறிய, பட்டு நூல் சுற்றிய வெள்ளை உறை. அது முட்டையே இல்லை. அந்தப் புழுவின் முட்டை மஞ்சளாக, கண்ணுக்கு எளிதில் தெரியாத அளவு சிறியதாக, இலையோடு தட்டையாக ஒட்டிக் கிடக்கும். இது புழுவைத் தின்று முடித்து வெளியே வந்த குளவிக்குஞ்சு தனக்காகச் சுற்றிக்கொண்ட கூடு. அண்ணன் வருஷக்கணக்காகத் தன் பக்கத்து ஆளையே தேடித் தேடி நசுக்கியிருக்கிறார். இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. முதலில் என் பயற்றங்கொடிக் கதையைச் சொன்னேன். அப்புறம் இன்னொரு இலையில் ஒரு காலிக்கூட்டைத் தேடிப் பிடித்து லென்ஸைக் கொடுத்தேன். ஒரு நுனி வட்டமாக வெட்டப்பட்டு, டப்பா மூடி மாதிரித் திறந்து நின்றது. "இதுக்குள்ளேர்ந்து புழு வந்தா எப்படி அண்ணே இவ்வளவு அழகா மூடி திறக்கும்?"

அவர் பாத்தி வரப்பில் உட்கார்ந்துவிட்டார். பிறகு அவராகவே எழுந்து, அடுத்த அரை மணி நேரம் இலை இலையாகத் திருப்பி வெள்ளைக் கூடுகளை எண்ணினார். மருந்து அதிகம் படாத ஓரப் பாத்தியில்தான் கூடுதலாக இருந்தன.

அந்த ஓரத்தில்தான் இந்தப் பயணத்திலேயே நான் மறக்காத காட்சி இருந்தது. பிடுங்காமல் விட்ட மூன்று கரட் செடிகள் குளிரில் தண்டு நீட்டிப் பூத்திருந்தன. வெள்ளைக் குடை, குடைக்குள் குட்டிக் குடைகள், ஒவ்வொரு பூவும் கடுகு அளவு. தேன் மேலேயே திறந்து கிடக்கிறது. ஒரே குடையில் பதினேழு குளவிகளை எண்ணினேன். கறுப்பு, தேன் நிறம், ஒன்று உலோகப் பச்சை. பின்காலின் தொடை உருண்டு திரண்ட கறுப்புக் குளவி ஒன்று குடையின் விளிம்பில் நின்று முகம் துடைத்துக்கொண்டது. அவ்வளவு பெரிய தோட்டத்தில் அந்த மூன்று செடிதான் சாப்பாட்டுக்கடை.

கொத்தமல்லி, சதகுப்பை, பெருஞ்சீரகம் எல்லாம் இதே குடும்பம், இதே திறந்த தட்டு. நியூசிலாந்தில் திராட்சைத் தோட்ட வரிசைகளுக்கு நடுவே பக்வீட் என்ற தானியத்தை விதைத்துப் பூக்கவிடுகிறார்கள். அங்கே அடக்க வேண்டியதும் இலை சுருட்டும் புழுதான், நம் தேயிலைப் புழுவின் சொந்தக் குடும்பம். தாய்லாந்து, சீனா, வியட்நாமில் நெல்வயல் வரப்புகளில் எள் போன்ற தேன்செடிகளை நட்டுப் பார்த்த ஆய்வு 2016-இல் வெளிவந்தது. பூச்சிமருந்து 70 சதவீதம் குறைந்தது, விளைச்சல் 5 சதவீதம் கூடியது. எள்! வன்னியில் எங்கள் வீட்டுப் பக்கம் விளைகிற எள்.

அண்ணன் கேட்ட கேள்விதான் சரியான கேள்வி: "அந்தப் பூவுல கோவா அந்துப்பூச்சியும் வந்து குடிக்காதா?" குடிக்கும். கடுகுப்பூ என்றால் தேன் குடித்துவிட்டு அந்தச் செடியிலேயே முட்டையும் வைக்கும், ஏனென்றால் கடுகும் கோவாவும் ஒரே குடும்பம். அதனால் கோவாவுக்குப் பக்கத்தில் கடுகைப் பூக்க விடுவதை நான் விரும்பமாட்டேன். ஆஸ்திரேலியாவில் உருளைக்கிழங்கு அந்துப்பூச்சிக்கு எதிராக இதைச் சோதித்தபோது, ஃபசீலியா என்ற ஊதாப்பூச்செடி குளவிக்கு உதவியது, அந்துப்பூச்சிக்கு உதவவில்லை. எல்லாப் பூவும் நல்ல பூ என்று நினைத்தால் புழுவுக்கும் சேர்த்துப் பந்தி வைத்துவிடுவோம். ஒவ்வொரு ஊரிலும் உட்கார்ந்து, யார் எந்தப் பூவுக்கு வருகிறார்கள் என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

மருந்தை நாளையே நிறுத்துங்கள் என்று அவரிடம் நான் சொல்லவில்லை. அவருக்கு இந்தக் கோவா விற்றாக வேண்டும். புழுவின் வயிற்றை மட்டும் கெடுத்து, குளவியைப் பெரும்பாலும் விட்டுவிடும் பாசில்லஸ் பாக்டீரியா மருந்தைப் பற்றிப் பேசினோம். ஓரப் பாத்தி ஒன்றில் மட்டும் மருந்தை விட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். கரட் மூன்றையும் பிடுங்கமாட்டேன் என்றார். "விதை பிடிக்கட்டும்" என்று காரணம் சொன்னார்.

திரும்பும் வழியில் ஒரு வேலியில் கொடித்தோடை படர்ந்திருந்தது. இலைக்காம்பில் இரண்டு சுரப்பிகள், ஒன்றில் ஒரு குளவி. பஸ் வரும் வரை நேரம் போனதே தெரியவில்லை.

ஐந்தாம் நாள்: தலவாக்கலை, காலை

மதியம் பஸ். காலையில் அம்மாவோடு லயத்துக்குப் பின்னால் இருக்கும் அவருடைய தோட்டத்துக்குப் போனேன். இரண்டு பாய் விரித்த அளவு இடம். பீன்ஸ், கொஞ்சம் கீரை, ஒரு மூலையில் காய்ந்துகொண்டிருக்கும் கொத்தமல்லி. இலை முற்றிப் பூவெடுத்துவிட்டதால் ஆட்டுக்குப் போடப் பிடுங்கப்போவதாக முதல் நாளே சொல்லியிருந்தார். அன்றைக்கு அந்த மூலையை நான் சரியாகப் பார்க்கவேயில்லை.

வெயில் ஏற ஏற வெள்ளைப் பூக்களின் மேல் ஒவ்வொன்றாக வந்து இறங்கின. அம்மா குந்தி உட்கார்ந்தார். லென்ஸைக் கண்ணோடு எப்படிப் பிடிப்பது என்று காட்டினேன். முதலில் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு கை தானாக நின்றது.

"வாலு மாதிரி இருக்கே, அது கொடுக்கா?"

"முட்டை வைக்கிற ஊசி அம்மா. புழுவுக்குள்ளதான் போகும். நம்மளைத் துரத்திக் கொட்டாது."

தன் விரலை மெல்லப் பூவின் பக்கத்தில் கொண்டுபோனார். குளவி ஒன்று விரல் நுனியில் ஏறியது. தங்கையை ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் பார்த்தவர் அந்த விரலை இழுக்கவில்லை. அது நகத்தின் மேல் நடந்து, மீசையால் தட்டிப் பார்த்து, பறந்துபோனது. மூச்சு விட்டது அவரா நானா என்று தெரியவில்லை.

ஊருக்குக் கிளம்பும் முன் கடைத்தெருவில் கால் கிலோ கொத்தமல்லி விதை வாங்கினேன். பாதி அம்மாவுக்கு, பாதி எனக்கு. உருண்டை விதையைச் செருப்பால் இலேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்து விதைத்தால்தான் சீராக முளைக்கும் என்று அவரே எனக்குச் சொல்லித்தந்தார். ஒரே நாளில் எல்லாவற்றையும் போடாமல் இரண்டு வாரத்துக்கு ஒரு பிடி போட்டால், ஒன்று காயும்போது இன்னொன்று பூத்து நிற்கும் என்று நான் சொன்னேன். சிநேகிதியின் மாமா பாதை வளைவில் ஆமணக்கை விட்டுவைக்கத் துரையிடம் கேட்டுப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். கேட்டுவிட்டால் எழுதுகிறேன்.

பையைத் தூக்கிக்கொண்டு படி இறங்கும்போது பின்னால் அம்மாவின் குரல் கேட்டது. பேரப்பிள்ளை ஆட்டுக்கயிற்றோடு கொத்தமல்லி மூலைக்குப் போயிருக்கிறான் போல.

"டேய், அதைப் பிடுங்காத. கட்டெறும்பு சாப்பிடுது."